டஸ்கனியில் ஒரு நாள் வெஸ்பா: இடப்பக்கம் ஓட்டிப் பழகிய மொரீசியஸ்காரர்களுக்கு

கஸ் நோயாலிலிருந்து ஷமரேல் ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்கூட்டர் ஓட்டியவருக்கு டஸ்கனியின் கியாந்தி மலைச்சாலை புதிதாக எதையும் காட்டிவிடாது. ஏற்றம், இறக்கம், குறுகலான வளைவு எல்லாம் கை அறிந்தவைதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: இத்தாலியில் வலப்பக்கம் ஓட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் தவறுவது அபூர்வம். இந்த ஒரு நாள் வெஸ்பா ஸ்கூட்டர் சுற்றுலாவில் குழுவுக்கு முன்னால் வழிகாட்டி போகிறார், அவர் தடத்தைப் பிடித்தால் போதும். காப்பி குடிக்கவோ படம் எடுக்கவோ நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பும் முதல் ஐம்பது மீட்டரில்தான் கை தானாக இடப்பக்கம் இழுக்கும். கீழே சொல்வதில் பாதி இந்த ஐம்பது மீட்டரைப் பற்றியதுதான்.

முதலில் காகிதங்கள். மொரீசியஸ் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டாம். எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். விசாவில் மிச்சமான அலைச்சலை லைசென்ஸில் செலவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். லைசென்ஸ் கொடுத்த நாட்டிலேயே அதை எடுக்க வேண்டும் என்பதால், ஃபிளாரன்ஸில் இறங்கிய பிறகு யோசித்துப் பயனில்லை. கையில் வாங்கியதும் உள்ளே புரட்டிப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கான 'ஏ' பிரிவில் முத்திரை இருக்கிறதா, காருக்கான 'பி'யில் மட்டும்தானா? கார் லைசென்ஸ் மட்டும் இருப்பவருக்கு 125 சி.சி. வண்டியைத் தருவதா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை மாறும். "என்னிடம் இந்தப் பிரிவு இருக்கிறது, இத்தனை சி.சி. வண்டி தருவீர்களா, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் செல்லுமா?" என்று மூன்றையும் சேர்த்து மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஆட்டோசைக்கிள் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் 125ஐ மறந்துவிடலாம்.

இன்சூரன்ஸில் ஒரு சொல் குழப்பும். இத்தாலியனில் 'காஸ்கோ' என்றால் ஹெல்மெட். சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்தை ஈடுகட்டும் இன்சூரன்ஸுக்கும் பெயர் 'காஸ்கோ'தான். விலைப்பட்டியலில் "காஸ்கோ உட்பட" என்று இருந்தால் எந்தக் காஸ்கோ என்று கேளுங்கள். சட்டப்படி கட்டாயமான இன்சூரன்ஸ் எதிராளிக்கு நேரும் சேதத்துக்குத்தான். நீங்கள் கீழே போட்டுக் கீறிய வெஸ்பாவுக்கு அது வராது. 'ஃபிரான்கீஜா' என்ற சொல்லைப் பார்த்தால் நம்மவருக்கு உடனே புரியும்: பிரெஞ்சில் ஃபிரான்ஷீஸ், அதாவது நம் கையிலிருந்து போகும் தொகை. முன்பணத்தைப் பெரும்பாலும் கிரெடிட் கார்டில் தடுத்து வைப்பார்கள். டெபிட் கார்டை ஏற்பார்களா என்பதை முன்கூட்டியே கேட்காதவர்கள், காலை ஒன்பது மணிக்கு வண்டி முன்னால் நின்றுகொண்டு ஊருக்கு போன் போட வேண்டியிருக்கும்.

மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்ல மாதங்கள். நம் குளிர்கால விடுமுறையோடு சேர்த்து ஜூலை, ஆகஸ்ட்டில் போகிறவர்கள் 35 டிகிரிக்கும் மேல் வெயிலை எதிர்பார்த்துப் போக வேண்டும். வண்டி ஓடும்வரை காற்று ஏமாற்றும். நின்றதும் தலைக்குள் அடுப்பு எரியும். செப்டம்பரில் திராட்சை அறுவடை. பாதையில் டிராக்டர்கள் மண்ணை உதிர்த்துக்கொண்டு போகும், அந்த மண்ணில் மழைத்தூறல் பட்டால் வழுக்கும். கரும்பு வெட்டும் பருவத்தில் நம் கிராமச் சாலைகளில் ஓட்டியவருக்கு விளக்கத் தேவையில்லை.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசையை விட எடை முக்கியம். 50 சி.சி. மொபெட் சட்டப்படியே 45 கிலோமீட்டர் வேகத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. தனியாளுக்குச் சரி, இருவர் ஏறினால் மேட்டில் மூச்சு வாங்கும், பின்னால் கார் வரிசை கட்டும். இருவர் ஒரே வண்டியில் போவதானால் 125 கேளுங்கள். இரண்டாவது கேள்வி, ஆட்டோமேட்டிக்கா, கியரா? படம் பிடிக்க அழகான பழைய வெஸ்பாவில் கிளட்சும் கியரும் இடக்கைப் பிடியிலேயே இருக்கும். பிடியைத் திருகித்தான் கியர் மாற்ற வேண்டும். பின் பிரேக் வலது கால் மிதியில். ஒரே நாள் பயணத்தில் வலப்பக்கச் சாலை, புது ஊர், திருகு கியர் மூன்றையும் ஒன்றாகப் பழக வேண்டாம். ஆட்டோமேட்டிக் வெஸ்பாவில் இரண்டு பிரேக்கும் கைப்பிடியில்: வலக்கை முன் சக்கரம், இடக்கை பின் சக்கரம்.

வெஸ்பா என்றால் குளவி. 1946இல் பியாஜியோ நிறுவனம் இதே டஸ்கனியில் உள்ள பொன்தெதேராவில் தயாரித்த வண்டி. அங்கே அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. மழை பெய்து பயணம் ரத்தானால் அந்த நாளுக்கு நல்ல மாற்று.

உடுப்பு சாதாரணம்தான்: முழுக்கால் சட்டை, மூடிய காலணி, மெல்லிய ஜாக்கெட், கண்ணாடி. செருப்போடு வந்தால் பல வழிகாட்டிகள் ஏற்ற மாட்டார்கள். துப்பட்டா, நீண்ட சால்வை, சேலை முந்தானை எதுவும் பின் சக்கரத்தருகே தொங்கக் கூடாது. ஹெல்மெட் ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் கட்டாயம், சுற்றுலா நிறுவனமே தரும். தலையில் மாட்டி வாரைக் கட்டியபின் பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டிப் பாருங்கள். கழன்று வந்தால் அளவு பெரிது, வேறு கேளுங்கள். கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. கழுத்தோடு தாழ்த்திப் பின்னிய சடைதான் வழி.

பயிற்சித் திடலில் அரை மணி

ஃபிளாரன்ஸிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு போய், கியாந்திப் பக்கம் ஒரு தோட்டத்திலோ கிடங்கிலோ இறக்கி, அங்கேதான் வண்டியைக் கையில் தருவார்கள். நகரப் போக்குவரத்திலிருந்து நேரே கிளப்புகிற நிறுவனத்தை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

கிளப்பும் முறை இது. வண்டி நடு ஸ்டாண்டில் நிற்கும். அதிலேயே எஞ்சினை இயக்கி ஆக்சிலேட்டரை முறுக்கினால் பின் சக்கரம் காற்றில் சுழலும். அந்த நிலையில் ஸ்டாண்டிலிருந்து இறங்கினால் வண்டி உங்களை விட்டுவிட்டு ஓடும். ஆகவே முதலில் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, உட்கார்ந்து, இரண்டு காலும் தரையில் ஊன்றிய பிறகே சாவி. பக்க ஸ்டாண்ட் இருந்தால் மடக்குங்கள். பல மாடல்களில் அது கீழே இருந்தால் எஞ்சின் உயிர் பெறாது. இடக்கைப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் பொத்தான். பிரேக் பிடிக்காமல் பொத்தானை மட்டும் அமுக்கிவிட்டு "வண்டி பழுது" என்று கையைத் தூக்குபவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் உண்டு.

கிளம்பும்போது இடக்கைப் பிரேக் பிடித்தபடியே இருக்கட்டும். வலக்கை மெதுவாக முறுக்க, வண்டி இழுக்கத் துடிப்பது தெரிந்ததும் பிரேக்கை விடுங்கள். வலக்கைப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே அதே கையால் முறுக்குவதுதான் புதியவர்கள் விழும் முதல் காரணம்: வண்டி குதிக்கும், உடம்பு பின்னால் சாயும், சாயும் உடம்போடு மணிக்கட்டு இன்னும் முறுக்கும். குதித்தால் பிடியை இறுக்காதீர்கள். மணிக்கட்டை மேலே தூக்கி, பிடியை முன்னோக்கி உருட்டி ஆக்சிலேட்டரை மூடி, இடப் பிரேக்கைப் பிடியுங்கள்.

திடலில் எட்டு வடிவில் நாலு சுற்று, 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது மூன்று முறை, யூ திருப்பம் இரண்டு முறை. இவற்றைச் சொல்லாவிட்டாலும் கேட்டுச் செய்யுங்கள். பின்னால் ஆள் உட்காருவதானால், தனியாக முடித்தபின் அவரையும் ஏற்றி இன்னொரு முறை. இந்தப் பயிற்சியில் தேறாதவரைப் பின் இருக்கையிலோ வேனிலோ அனுப்புவார்கள். பணம் திரும்புமா என்பது முன்பதிவு நிபந்தனையில் இருக்கும், படித்துவிடுங்கள்.

சாலையில்

வழக்கமான பாதை ஃபிளாரன்ஸையும் சியன்னாவையும் இணைக்கும் 222ஆம் எண் சாலையும் அதிலிருந்து பிரியும் கிளைகளும்தான். கிரேவே, பன்ட்சானோ, கஸ்தெல்லீனா ஊர்கள் வரிசையாக வரும். கிரேவேயின் முக்கோண வடிவச் சதுக்கத்தில் சனிக்கிழமை காலை சந்தை கூடும். அன்று நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். சாப்பாட்டு நேரம் போக ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டினாலே நாள் நிறைவு. நூறு கிலோமீட்டர் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் உங்களைச் சாலையைத்தான் பார்க்க வைப்பார்கள், ஊரை அல்ல.

நீல நிறப் பலகை சாதாரணச் சாலை. பச்சை என்றால் நெடுஞ்சாலை, குழுவிலிருந்து பிரிந்துபோனாலும் அதற்குள் நுழைய வேண்டாம். ஊர்களுக்குள் வேக வரம்பு 50. ரவுண்டபவுட் நம் ஊரில் இருப்பதுதான், கண்ணாடியில் பார்த்தது போல: வண்டிகள் எதிர்ச்சுற்றாகச் சுற்றும், இடப்பக்கம் பார்த்து வழி விட வேண்டும். பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை. பிரெஞ்சு படித்தவர்கள் 'பிரியோரிதே அ துருவாத்' என்று பள்ளியில் கேட்டிருப்பீர்கள், அதேதான்.

நமக்கு இடத் திருப்பம்தான் அங்கே கஷ்டமான திருப்பம். எதிர்வரும் வண்டிகளைக் கடந்து போக வேண்டும். வழிகாட்டி திரும்பிவிட்டார் என்பதற்காகத் தொடராதீர்கள். அவருக்கு இருந்த இடைவெளி உங்களுக்கு இருக்காது. அவர் அந்தப் பக்கம் ஒதுங்கிக் காத்திருப்பார், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

இப்போது அந்த ஐம்பது மீட்டர். எந்த இடத்தில் நிறுத்தினாலும் வண்டியைக் கிளம்ப வேண்டிய திசை பார்த்தே நிறுத்துங்கள், அதுவும் வலப்பக்க ஓரத்தில். கிளம்பும்முன் வலது முழங்காலைக் கையால் ஒரு தட்டு: புல்லோரம் இந்தக் கால் பக்கம்தான் இருக்க வேண்டும். தோட்டத்து வாசலிலிருந்து வெறிச்சோடிய சாலைக்குள் இடப்புறமாகத் திரும்பும்போதுதான் ஆபத்து அதிகம். பார்த்துப் பின்பற்ற வேறு வண்டியே இல்லாததால், மூளை வீட்டுச் சாலையைத் தேடிக்கொள்ளும். பின் இருக்கையில் இருப்பவருக்கு ஒரே வேலை கொடுங்கள்: ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் "வலப்பக்கம்" என்று சத்தமாகச் சொல்வது. மதிய உணவுக்குப் பிறகு இரண்டு முறை சொல்லலாம்.

'ஸ்த்ராதா பியாங்கா' எனப்படும் வெள்ளைச் சரளைச் சாலை ஏதாவதொன்று வரும். வெஸ்பாவின் சக்கரம் சிறியது, சரளையில் எளிதில் திசை மாறும். நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே போனபின் முன் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரைச் சீராக வைத்து, கார் சக்கரம் அழுத்திய தடத்திலேயே போங்கள். கைப்பிடி லேசாக ஆடும். ஆடட்டும், இறுக்கினால்தான் விழுவீர்கள். முன்வண்டியின் தூசி அடங்கும் அளவு பின்தங்குங்கள்.

நீண்ட இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் வண்டி வேகம் மிகக் குறைந்ததும் கிளட்சை விட்டுவிடும். எஞ்சின் பிடிமானம் போய் வண்டி சைக்கிள் போல உருளும். பிரேக்கைத் தொடர்ந்து உரசிக்கொண்டே போகாமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டுவிட்டுப் போவதே சரி.

இலையும் கிண்ணமும்

சுற்றுலாவின் மதிய உணவு முன்பே முடிவான தட்டு, அதில் பன்றி இறைச்சித் துண்டுகள் கட்டாயம் போல இருக்கும். சைவர்களும் மாட்டிறைச்சி தொடாதவர்களும் முன்பதிவின்போதே எழுதிவிட வேண்டும். 'வெஜிடேரியானோ' என்று மட்டும் எழுதினால் போதாது; 'சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா புரோதோ தி கார்னே', அதாவது இறைச்சி, மீன், இறைச்சி வேகவைத்த நீர் எதுவும் வேண்டாம் என்று சேருங்கள். ரொட்டியும் பீன்ஸும் கருங்கீரையும் போட்ட ரிபொல்லீத்தா, தக்காளியில் ரொட்டி மசித்த பாப்பா அல் பொமொதோரோ இரண்டும் நம் நாக்குக்குப் பொருந்தும். 'குரோஸ்தீனி' தட்டில் பழுப்பு நிறத்தில் பூசியிருப்பது கோழி ஈரல். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேரும். கடும் விரதக்காரர்கள் அதையும் விட வேண்டும். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது, சமைத்தவர் மறக்கவில்லை. ஏழு கறி இலையை எதிர்பார்த்து உட்காராமல் ஒரு சின்ன ஊறுகாய்ப் பாட்டில் கொண்டுபோவது நல்லது.

திராட்சை மது சுவைப்பதும் நிகழ்ச்சியில் இருக்கும். இத்தாலியில் ஓட்டுநர் வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம், 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கும் லைசென்ஸ் எடுத்து மூன்று ஆண்டு ஆகாதவருக்கும் பூஜ்யம். சுவைத்துத் துப்பக் கிண்ணம் வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு சுவைக்க வைக்கும் நிறுவனம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

விபத்தென்றால் 112. சிறு உரசலாயிருந்தால் இருவரும் நிரப்பிக் கையெழுத்திடும் படிவம் உண்டு, நம் ஊர் 'கான்ஸ்டா' போன்றதே. புரியாத கட்டத்தில் கையெழுத்துப் போடாமல் வழிகாட்டியை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

வண்டியை வாங்கும்போது நாலு பக்கமும், கண்ணாடிகளும், ஸ்டாண்டின் அடிப்பக்கமும் போனில் வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே வரிசையில் எடுங்கள். "சேதமில்லை" என்று எழுதிய ரசீதை வாங்கி, கார்டில் தடுத்த தொகை விடுபடும்வரை பத்திரமாக வைத்திருங்கள். வேகக் கேமரா அபராதம் வந்தால் அது வாடகை நிறுவனத்தின் வழியாக, அவர்கள் கட்டணமும் சேர்ந்து, நீங்கள் மொரீசியஸ் திரும்பி வெகு நாள் கழித்தும் வரக்கூடும்.