ஜி1 குதிரை ஏ3-க்குத் தாவிய கதை

பழைய 48கே சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் ஒன்று கைக்குக் கிடைத்ததும், அதில் ஒரு செஸ் புரோகிராம் எழுதிப் பார்க்கும் ஆசை வந்தது. 1982-இல் வந்த கணினி. 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 சில்லு. இருக்கிற நினைவகத்தில் திரைக்கே 6912 பைட் போய்விடும். அதனால் கஞ்சத்தனமாகப் பலகையை 64 பைட்டில் அடக்கினேன். வெள்ளையின் இடது கீழ் மூலையான ஏ1 கட்டம் 0, எதிர் மூலையான எச்8 கட்டம் 63. வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தால் 1 கூடும், மேலே ஒரு கட்டம் ஏறினால் 8 கூடும்.

முதல் ஆட்டத்திலேயே ஜி1-இல் நின்ற வெள்ளைக் குதிரை ஒரே தாவலில் ஏ3-இல் போய் உட்கார்ந்தது. காகிதத்தில் கணக்குப் போட்டதும் புரிந்தது. வலப்பக்கம் இரண்டு, மேலே ஒன்று என்றால் 10 கூட்ட வேண்டும். 6-உடன் 10 சேர்ந்தால் 16, அது ஏ3. பலகையின் விளிம்பு எங்கே என்று அந்த எண்ணுக்குத் தெரியாதே!

ஒவ்வொரு தாவலுக்கும் விளிம்புச் சோதனை எழுதினேன், ஆமை வேகம். அப்புறம் பழைய உத்தி ஒன்றைப் பிடித்தேன்: வரிசைக்கு 16 கட்டம், மொத்தம் 128 பைட். பாதி வெற்றுக் கட்டம்தான், சரி, போகட்டும். இப்போது அதே தாவலுக்கு 6-உடன் 18, ஆக 24. அதை 136-உடன் 'ஆண்ட்' (இரண்டு எண்களையும் இருமத்தில் எழுதி, இரண்டிலும் 1 உள்ள இடங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் கட்டளை) செய்தால் 8. பூஜ்ஜியம் வராவிட்டால் பலகைக்கு வெளியே என்று அர்த்தம். ஒரே கட்டளையில் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கே முடிந்தது? ஆண்ட் செய்ததும் ஏ ரெஜிஸ்டரில் (சில்லுக்குள் ஓர் எண்ணை வைக்கும் சிறு இடம்) இருந்த கட்ட எண் அழிந்து பூஜ்ஜியமாகி, காய்கள் எல்லாம் ஏ1-இலேயே போய் விழுந்தன. சோதிக்கும் முன் எண்ணை சி ரெஜிஸ்டரில் எடுத்து வைக்க வேண்டும். அந்த ஒரு வரிக்கு இரண்டு இரவு போனது. ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் சேர்ந்து நகரும் கோட்டை கட்டுவதை இன்னும் எழுதவில்லை.