விடுதிக்குத் தட்டுவடை அனுப்ப

மகள் படிப்பது கிண்டி பொறியியல் கல்லூரியில், நான் இருப்பது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். பார்சலில் வெறும் தட்டுவடை மட்டும் வையுங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் வைத்து ‘செட்’டாகச் சாப்பிடும் சட்னியும் கேரட் துருவலும் வழியிலேயே ஊசிப்போகும். எவர்சில்வர் டப்பாவில் நெருக்கி அடுக்கி, மிஞ்சிய இடத்தில் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. பருப்புப்பொடி தனிப் பொட்டலம். நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம், அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

முகவரியில் விடுதிப் பெயர், அறை எண், கைபேசி எண், 600025 என்ற பின்கோடு எல்லாம் இருக்கட்டும். மேலே டேப் ஒட்டினால் மழையில் எழுத்து கலையாது. அதே முகவரியைச் சீட்டில் எழுதி உள்ளேயும் போடுங்கள். அப்புறம், ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பிவிடுங்கள். தபால்காரர் வரும் நேரத்தில் அவள் வகுப்பில்தான் இருப்பாள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் நடுவில் ஞாயிறு வந்துவிடும், அதனால் நான் திங்கள் காலையிலேயே தபால் நிலையம் போய்விடுவேன்.