ஒரே பானையில் அனைவருக்கும்: செலவு குறைந்த வாரச் சமையல் திட்டம்

குழந்தைக்குத் தனியாக ஒன்று, உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட மூத்தவருக்குத் தனியாக ஒன்று, மற்றவர்களுக்குக் காரசாரமாக ஒன்று என்று ஒரே வேளைக்கு மூன்று சமையல் நடக்கும் வீடுகள் உண்டு. அங்கே செலவு கூடுவதற்குக் காய்கறி விலையை மட்டும் குறை சொல்ல முடியாது; மூன்று முறை எரியும் அடுப்புக்கும், மூன்று பாத்திரங்களில் மிஞ்சும் உணவுக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே இந்தச் செய்முறை, எதைச் சமைப்பது என்பதைவிட, சமைப்பதை எந்தக் கட்டத்தில் பிரிப்பது என்பதையே மையமாகக் கொண்டது. உங்களுக்குச் சமைக்கத் தெரியும், ஆனால் வாரம் முழுமைக்கும் திட்டமிட்டுப் பழக்கமில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தேவையானவை: ஒரு தாள், ஒரு பென்சில், சமையலறைத் தராசு, பிரஷர் குக்கர், மூடியுள்ள அகலமான ஆழம் குறைந்த பாத்திரங்கள். இதற்காகக் கைப்பேசிச் செயலி எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். செயலியில் இருக்கும் திட்டம் அதைப் போட்டவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளைப் பசியோடு வருகிற எல்லாரும் படிப்பார்கள். பென்சிலைக் குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. வாரத்தின் நடுவில் அழித்து எழுத வேண்டி வராத திட்டத்தை நான் இதுவரை கண்டதில்லை.

படி 1: இருப்பை எழுதுதல்

கடைப் பட்டியலைத் தொடங்குவதற்கு முன், வீட்டில் இருப்பவற்றுள் முதலில் கெடக்கூடியவற்றை மட்டும் தாளின் மேற்பகுதியில் எழுதுங்கள். முழு இருப்புக் கணக்கு தேவையில்லை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகியவற்றில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. மலிவான பொருளைத் தேடி அலைவதைவிட, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியதைக் குப்பைக்குப் போகாமல் தடுப்பது எளிது.

படி 2: அளவைக் கணக்கிடுதல்

பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்துக் கிழங்குகள் இதில் சேரா. அவ்வயதைக் கடந்த நால்வர் உள்ள வீட்டுக்கு இதை ஏழு நாளால் பெருக்கினால் 11.2 கிலோ வருகிறது. பையில் வழக்கமாக வருவது இதில் பாதியாக இருந்தால் ஒரே வாரத்தில் எட்டிப்பிடிக்க முயலாமல், வாரத்துக்கு ஒரு கிலோ வீதம் கூட்டிச் செல்லுங்கள்.

விலையை ஒப்பிடும்போது கிலோ விலையைப் பார்க்காமல், உண்ணக்கூடிய பகுதியின் விலையைப் பாருங்கள். ஒரு கிலோ பச்சைப் பட்டாணிக் காயை உரித்தால் கிடைக்கும் மணிகள் அரைக்கிலோவுக்கும் குறைவு. ஆகவே உறைய வைத்த பட்டாணி, எடைக்கு எடை விலை கூடுதலாகத் தெரிந்தாலும், கணக்கில் மலிவாக முடியலாம். புரதத்துக்கும் இப்படியே கணக்கிடலாம். உலர்ந்த பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 22 முதல் 25 கிராம் வரை புரதம் உண்டு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். அதாவது ஒரு முட்டை தரும் புரதத்தை 25 கிராம் பருப்பு தந்துவிடும். இவ்விரண்டில் அந்த வாரம் எது மலிவோ அதற்குக் கூடுதல் நாள்களை ஒதுக்குங்கள்.

படி 3: பிரிக்கும் கட்டத்தைக் குறித்தல்

நெடுங்காலம் என் திட்டங்கள் நிலைக்காமல் போனது இந்தப் படி இல்லாததால்தான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உப்பு, காரம், சர்க்கரை ஆகிய மூன்றையும் பின்னால் சேர்க்க முடியும். சேர்த்தபின் எடுக்க முடியாது. எனவே அவை மூன்றும் கடைசிக்குப் போக வேண்டும். பருப்பும் பூசணியும் கேரட்டும் சேர்ந்த ஒரு பானையை எடுத்துக்கொள்வோம். கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, உப்பே இல்லாமல் அனைத்தையும் வேகவிடுங்கள். வெந்ததும் முதல் கரண்டி குழந்தைக்கு: ஆறு மாதம் நிறைந்து திட உணவு தொடங்கிய குழந்தைக்கு அதை எடுத்து மசித்தால் போதும், ஒரு வயதுவரை உப்பும் தேவையில்லை, தேனும் கூடாது. அடுத்து, வழக்கமாகப் போடும் உப்பில் பாதியைப் பானையில் இட்டுக் கலக்கி, மூத்தவருக்கு உரியதை எடுத்து, அதில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். புளிப்பு இருக்கும்போது உப்புக் குறைவு நாக்குக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி துணைசெய்யும். மீதியுள்ளதில் எஞ்சிய உப்பையும், தனியே வதக்கிய வெங்காயம், பூண்டு, மிளகாய் ஆகியவற்றையும் சேர்த்து, மூடி பத்து நிமிடம் சிறுதீயில் வையுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால் குழம்பில் உப்பு இருக்கும், காயில் இருக்காது. "சப்பென்று இருக்கிறது" என்ற புகாரும் உடனே வரும்.

தாளில் நாளுக்கொரு பெட்டி வரைந்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே பொதுவாக வேகும் பொருள்கள். கோட்டுக்குக் கீழே யாருக்கு என்ன சேரும் என்பது. கோட்டுக்குக் கீழே ஒருவர் பெயருக்கு எதிரே மூன்று சொற்களுக்கு மேல் எழுத வேண்டி வந்தால், அது பிரிப்பது அன்று, தனிச் சமையலே. அந்த உணவை அடித்துவிட்டு வேறொன்றை எழுதுங்கள்.

எல்லா உணவும் இதற்கு இணங்காது. உப்புக் கலந்து வரும் மசாலாப் பொடிகள், சூப் கட்டிகள், புட்டியில் வரும் சாஸ்கள் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டியிருப்பதால், பிரிக்கும் கட்டமே இல்லாமற் போய்விடுகிறது. உப்புச் சேராத தனிப் பொடிகளையே வாங்குங்கள். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நான்கு பெரியவர்களுக்கு 30 நாளில் 600 கிராம். மாத முதல் நாளும் கடைசி நாளும் உப்பு ஜாடியைத் தராசில் வைத்துப் பாருங்கள். ரொட்டி, ஊறுகாய், நொறுக்குத் தீனி வழியாக வரும் உப்பு இதில் அடங்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

படி 4: நாள்களை வரிசைப்படுத்துதல்

கீரை, காளான் போன்றவை முதல் இரண்டு நாளில். தக்காளி, பீன்ஸ் நடுவில். முட்டைகோஸ், கேரட், பூசணி வாரக் கடைசியில். ஏழாம் நாளைக் காலியாக விடுங்கள்; எஞ்சியதெல்லாம் அன்றைக்குத்தான்.

இரு வேளைக்குச் சேர்த்துச் சமைப்பது சிக்கனமே, ஆனால் ஆறவைப்பதில் கவனம் வேண்டும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல், ஆழம் குறைந்த பாத்திரத்தில் பரப்பி, 5 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிரூட்டுங்கள். சோற்றில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் பிழைத்திருக்கும். வெளியில் கிடக்கும் சோற்றில் அவை பெருகி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

படி 5: பரிமாறுதல்

ஒவ்வொரு வேளையிலும் எல்லாருக்கும் பிடித்தது ஒன்றாவது மேசையில் இருக்கட்டும். புதிய காய் ஒன்றைக் குழந்தை ஏற்பதற்குப் பத்து முறைக்கு மேலும் அதைக் காண வேண்டியிருக்கலாம். ஆகவே ஒரு துண்டு மட்டும் வைத்து, வற்புறுத்தாமல் விடுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

சோடியம் குறைந்த உப்பைப் பயன்படுத்தினால் பிரிக்கவே வேண்டாமே என்று சிலர் கேட்டிருந்தனர். அத்தகைய உப்புகளில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், சில வகை இரத்த அழுத்த மருந்து உண்பவர்களுக்கும் அது தீங்காகலாம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் பொதுப் பானையில் போடாதீர்கள்.

நீரிழிவு உள்ளவருக்கு எந்தக் கட்டத்தில் பிரிப்பது என்பது இன்னொரு கேள்வி. அதைப் பானையில் பிரிக்க வேண்டியதில்லை, தட்டில் பிரித்தால் போதும்: பாதித் தட்டு காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, எஞ்சிய கால் பங்குக்குள் தானியம்.

குக்கர் இல்லாதவர்கள், இரவில் போட்டுவிட்டுத் தூங்கக்கூடிய மெதுவடுப்பில் (ஸ்லோ குக்கர்) சிவப்புக் கிட்னி பீன்ஸை வேகவைக்கலாமா என்று கேட்டனர். நேரடியாகக் கூடாது. அந்த விதையில் இயற்கையாகவே உள்ள லெக்டின் என்னும் நச்சுப்பொருள் குறைந்த வெப்பத்தில் அழிவதில்லை. இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதன் பின்னரே மெதுவடுப்புக்கு மாற்றி, நன்றாக மசியும்வரை வேகவிடுங்கள்.