எரிமலையா, நிலப்பிளவா? கடலோர அதிர்வுகளைப் பார்த்துச் செய்யும் தவறுகள்

2025 ஜனவரி கடைசியில் கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவுக்கு வடகிழக்கே கடலடி அதிரத் தொடங்கியது. சில வாரங்களுக்குள் பல்லாயிரம் அதிர்வுகள், பெரியது 5.3 அளவு. தீவே ஓர் எரிமலை. பக்கத்துக் கடலடியில் கொலும்போ என்று இன்னொன்று. ஆயிரக்கணக்கானோர் தீவைவிட்டுக் கிளம்பினார்கள்.

எரிமலை அருகில் இருக்கிறது, அதனால் அதுதான் காரணம் என்று முடிவுகட்டுவது முதல் தவறு. 1956-ல் அதே கடலில், அமோர்கோஸ் தீவருகே 7-ஐத் தாண்டிய நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. அங்கே நழுவியது நிலப்பிளவு, அதாவது இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகரும் விரிசல். எரிமலை கண்ணுக்குத் தெரியும், கடலடிப் பிளவு தெரியாது. நம் சந்தேகம் தெரிவதன் மேலேயே விழுகிறது.

அளவை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. வழக்கமான நிலநடுக்கத்தில் ஒரு பெரிய அதிர்வு, அப்புறம் தேய்ந்துபோகும் பின்னதிர்வுகள். சாண்டோரினியில் அப்படித் தலைமை அதிர்வே இல்லை, கூட்டமாக வந்தன. கூட்டமாக வந்தாலே மாக்மா, அதாவது நிலத்தடியில் உருகிய பாறைக் குழம்பு, நகர்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. பிளவுக்குள் நீர் ஊடுருவினாலும் இப்படி அதிரும். நான் முதலில் பார்க்கச் சொல்வது, அதிர்வு மையங்கள் நாளுக்கு நாள் இடம் மாறுகின்றனவா என்பதைத்தான். அங்கே அவை வடகிழக்காக நகர்ந்தன. முன்பு மெல்ல உயர்ந்திருந்த தீவின் நிலம் இப்போது தாழ்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள், சுமார் 30 கோடி கன மீட்டர் மாக்மா பாறைக்குள் பிளந்துகொண்டு போனதாகக் கணித்தார்கள்.

சரி, மாக்மா நகர்ந்தால் வெடிப்பு நிச்சயமா? இல்லை. இதுவும் கடலடிக்குக் கீழேயே நின்றுவிட்டது. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

நிலநடுக்கப் பட்டியலில் வரிசையாக '10 கி.மீ. ஆழம்' என்று பார்த்துவிட்டு அதில் அர்த்தம் தேடுபவர்களும் உண்டு. கருவிகள் தொலைவில் இருந்து ஆழத்தைத் துல்லியமாகக் கணிக்க முடியாதபோது பல கண்காணிப்பு நிலையங்கள் அதை 10 என்று நிலையாக வைத்துவிடும்.

சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தால் பெரியது வராது என்ற நம்பிக்கை ஆபத்தானது. அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. 7 அளவு வெளியிடும் ஆற்றலுக்கு 5 அளவில் சுமார் ஆயிரம் அதிர்வுகள் வேண்டும்.

கரையில் நிற்கும்போது பலமாகவோ நீண்ட நேரமோ அதிர்ந்தால், கடல் உள்வாங்குகிறதா என்று பார்த்து நிற்க வேண்டாம். உள்வாங்காமலேயே முதல் அலை ஏறி வரலாம். காரணம் எதுவானாலும் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.