எஃப்.சி. காட்டப் போகும் முன்: முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

மஞ்சள் போர்டு வண்டி எதுவானாலும், ஆட்டோ, டாக்ஸி, குட்டி யானை, லாரி, பள்ளி வேன் என எல்லாவற்றுக்கும் தகுதிச் சான்று வேண்டும். பேச்சு வழக்கில் எஃப்.சி. புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டுகள் கவலையில்லை. அதன்பின் வண்டிக்கு 8 வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 8 தாண்டினால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வெள்ளை போர்டு சொந்த வண்டிக்கு 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்கும்போதுதான் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கும். அதற்கு விண்ணப்பம் வேறு (படிவம் 25), பசுமை வரியும் உண்டு. ஆனால் வண்டியைத் தயார் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான்.

தேதியை அலட்சியமாக விடாதீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, எஃப்.சி. இல்லாத வாடகை வண்டி முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. அந்த நிலையில் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். முடிவதற்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது. ஏன் ஒரு மாதம் என்றால், பிரேக் வேலைக்கு ஒரு வாரமும் பழைய அபராதங்களைத் தீர்க்க ஒரு வாரமும் எளிதாகப் போய்விடும்.

படி 1: கணினியில் இருப்பதும் கண்ணெதிரே நிற்பதும் ஒன்றா?

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் பரிவாஹன் என்ற அரசுப் போக்குவரத்து இணையதளத்தைத் திறந்து பாருங்கள். காப்பீடு, புகைச் சான்று, சாலை வரி, பர்மிட் ஆகிய நான்கும் நடப்பில் இருக்க வேண்டும். நிலுவையில் இ-சலான் (ஆன்லைனில் போட்ட அபராதம்) இருந்தால் விண்ணப்பம் பாதியில் நின்றுவிடும். நான்கு சக்கரமோ அதற்கு மேலோ உள்ள வாடகை வண்டிக்கு ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தால்தான் எஃப்.சி. புதுப்பிக்க முடியும், அது சுங்கச்சாவடிப் பக்கமே போகாத வண்டியானாலும் சரி.

அடுத்து ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். நிறம், இருக்கை எண்ணிக்கை, பாடி வகை, எரிபொருள் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். வெள்ளை வண்டிக்கு நீல பெயிண்ட் அடித்திருப்பார்கள், ஆர்.சி.யில் மாற்றியிருக்க மாட்டார்கள். கேஸ் கிட் மாட்டியிருப்பார்கள், அது பதிவில் ஏறியிருக்காது. சரக்கு பாடியின் பக்கப் பலகையை ஒரு அடி உயர்த்தியிருப்பார்கள். இவை எதுவும் ரிப்பேர் செய்து தீர்க்கிற குறை இல்லை. ஒன்று பதிவில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் பழையபடி மாற்ற வேண்டும். முன்னால் இரும்புக் கம்பி பம்பர் இருந்தால் கழற்றிவிடுங்கள். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம், ஏர் ஹாரன் ஆகியவையும் அப்படியே.

படி 2: சேஸ் எண்

முதல்முறை போகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். சேஸ் என்பது வண்டியின் இரும்பு அடிச்சட்டம், அதில் பொறித்திருப்பதுதான் சேஸ் எண். ஆன்லைன் விண்ணப்பத்தில் அந்த எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்கும். நேரில் போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் (ஆவணப்படி மோட்டார் வாகன ஆய்வாளர்) அதே எண்ணை வண்டியின் அடிச்சட்டத்தில் தேடுவார். பிரேக் எவ்வளவு அருமையாகப் பிடித்தாலும், எண் தெரியவில்லை என்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

எண் இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். சரக்கு வண்டிகளில் பெரும்பாலும் வலது முன்சக்கரத்துக்குப் பின்னால் சேஸ் நீளச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் பொறித்திருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் படம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு மழைக்காலம் பார்த்த வண்டியில் அந்த இடம் சேறு, கிரீஸ், துரு, கறுப்பு அண்டர்கோட்டிங் எல்லாம் சேர்ந்து ஒரே அப்பளமாக இருக்கும்.

அதைச் சுத்தம் செய்ய கிரைண்டரோ முரட்டு எமரி ஷீட்டோ வேண்டவே வேண்டாம். பொறித்த கோடு ஆழம் குறைந்துவிடும், சுற்றிலும் தேய்த்த தடம் பளபளக்கும். அப்படி ஒரு எண்ணைப் பார்க்கிற எந்த அதிகாரிக்கும் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். மண்ணெண்ணெயில் நனைத்த வேஸ்ட் துணியைக் கால் மணி நேரம் அதன்மேல் ஒட்டி வையுங்கள். பிறகு பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாக, ஒரே திசையில் தேயுங்கள். பெயிண்ட் அடைத்திருந்தால் தின்னர் போதும். எழுத்துகள் வெளியே வந்ததும் துடைத்துக் காயவிட்டு மெல்லிய கிரீஸ் பூச்சு கொடுங்கள். பெயிண்ட் அடிக்கிறவரிடம் அந்த இடத்தில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். எஃப்.சி.க்காக அடித்த புது பெயிண்டே எண்ணை மூடிவிடும் கொடுமை நிறைய நடக்கிறது.

பென்சில் பிரின்ட் கேட்டால், கிரீஸைத் துடைத்துவிட்டு எண்ணின்மேல் மெல்லிய வெள்ளைத் தாளை இறுக்கிப் பிடித்து, 2பி பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேயுங்கள். பொறித்த பள்ளம் வெள்ளையாக நிற்கும், சுற்றிலும் கறுக்கும். அதன்மேல் அகலமான செல்லோ டேப்பை ஒட்டிவிட்டால் கலையாது. எச்பி பென்சில் கடினம், தாள் கிழியும், கோடும் தெளிவாக விழாது. இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இப்போதைய வண்டிகளின் சேஸ் எண் 17 எழுத்து கொண்டது. அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது. ஆகவே வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான், ஒற்றைக் கோடாகத் தெரிவது ஒன்றுதான். 5க்கும் எஸ்ஸுக்கும், 8க்கும் பி-க்கும் வரும் குழப்பத்தை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் ஒன்றும் வண்டியில் ஒன்றும் இருந்தால் எஃப்.சி. தேதிக்குக் காத்திருக்காமல் உடனே அலுவலகத்தில் திருத்த மனு கொடுத்துவிடுங்கள்.

படி 3: எந்த மையம்?

வழக்கமாக உங்கள் வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகமோ அதன் கீழ் வரும் பகுதி அலுவலகமோதான். டி.என். 58 என்றால் மதுரை தெற்கு, டி.என். 59 என்றால் மதுரை வடக்கு, இப்படி எண்ணிலேயே அலுவலகம் தெரிந்துவிடும். இதோடு தானியங்கிச் சோதனை நிலையங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றுக்கான மத்திய விதிகள் 2021 செப்டம்பரில் வெளியாயின. அங்கே ரோலர் பிரேக் டெஸ்டர், சைடு ஸ்லிப் தட்டு (சக்கரம் பக்கவாட்டில் இழுக்கிறதா என்று அளப்பது), ஹெட்லைட் சோதனைக் கருவி என எல்லாம் எந்திரம். கண்ணால் பார்த்துத் தள்ளிவிடுகிற குறையும் அங்கே எண்ணாக விழுந்துவிடும். விண்ணப்பிக்கும்போது உங்கள் வண்டி வகைக்குத் தளம் எந்த மையங்களைக் காட்டுகிறதோ அந்தப் பட்டியலை மட்டும் நம்புங்கள். டீக்கடைப் பேச்சு வேண்டாம்.

போக்குவரத்து அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: வண்டி காட்டும் மைதானம் அலுவலக வளாகத்திலேயே இருக்கிறதா, வேறு இடத்திலா? எந்த வகை வண்டிக்கு எந்தக் கிழமை? பல ஊர்களில் மைதானம் தனியே இருக்கும்.

படி 4: விண்ணப்பம்

பரிவாஹன் தளத்தில் வாகனச் சேவைகள், தமிழ்நாடு, வண்டி எண், தகுதிச் சான்று புதுப்பித்தல். சேஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்து, ஓ.டி.பி., கட்டணம், நாள் தேர்வு, ரசீது அச்சு. வண்டியின் வகைக்கும் வயதுக்கும் ஏற்பக் கட்டணத்தைத் தளமே கணக்கிடும், பழைய வண்டிக்கு அதிகம். செல்போனைவிடக் கணினியில் செய்வதே மேல். பணம் கட்டும் பக்கத்திலிருந்து திரும்பி வரும்போது செல்போனில் அடிக்கடி அறுந்துபோகிறது.

படி 5: வண்டி வேலை

பெயிண்டுக்குச் செலவழிக்கிற பணத்தில் பாதியை பிரேக்குக்குச் செலவழியுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் முடித்து மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்கும் வண்டி, பிரேக் மிதித்ததும் ஒரு பக்கம் இழுக்கும்.

ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய சமமாகப் பிடிக்க வேண்டும். காலியான சமதளச் சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போய், ஸ்டீரிங்கை லேசாக மட்டும் தொட்டுக்கொண்டு மிதித்துப் பாருங்கள். இடப்பக்கம் இழுத்தால் வலது சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிரேக் டிரம்மைக் கழற்றுங்கள். உள்ளே உராய்ந்து பிடிக்கும் லைனர் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டரோ ஆயில் சீலோ கசிகிறது. எண்ணெய் குடித்த லைனரைக் கழுவிப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்துப் புது லைனர் போடுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் அந்த வித்தியாசமே மறுபடி இழுக்கும். மிதித்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது, ஏர் எடுக்கச் சொல்லுங்கள்.

குட்டி யானை வகை வண்டிகளில் இன்னொன்று. பின் அச்சுக்கு மேலே, சேஸையும் அச்சையும் ஒரு கம்பியால் இணைக்கும் லோடு சென்சிங் வால்வு பல மாடல்களில் உண்டு. சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், காலியாக இருந்தால் குறைக்கும். அதிக லோடு அடிப்பதற்காக ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கிவிட்டால், லோடு ஏற்றியபோதும் வண்டி காலி என்றே அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் எப்போதும் மந்தமாகத்தான் இருக்கும். மெக்கானிக் லைனர் மேல் லைனராக மாற்றிக்கொண்டிருப்பார், குறை அந்தக் கம்பியில் இருக்கும். துருப்பிடித்து அசையாமல் நின்றாலும் இதே கதைதான். கையால் ஆட்டிப் பாருங்கள்.

விளக்குகளுக்கு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். இந்த வேலைக்கு மல்டிமீட்டரைவிட அதுதான் சிறந்தது, லோடு கொடுத்துச் சோதிப்பதால் பொய் சொல்லாது. பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தால் பின்விளக்கின் எர்த் துருப்பிடித்திருக்கிறது. பல்பை மாற்றிப் பயனில்லை, எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். எல்.இ.டி. பல்பு போட்ட இண்டிகேட்டர் படபடவென அடித்தால் பழைய ஃப்ளாஷர் ரிலே மின்னோட்டம் குறைவதை ஃப்யூஸ் போன பல்பு என எடுத்துக்கொள்கிறது. எல்.இ.டி.க்கான ரிலே போட வேண்டும். ஹெட்லைட் உயரம் பார்க்கச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிச் சமதளத்தில் நிறுத்துங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் நடுமட்டத்தைவிடச் சுமார் 5 செ.மீ. கீழே விழ வேண்டும்.

டயர் பள்ளம் நான்கு சக்கர வண்டிக்குக் குறைந்தது 1.6 மி.மீ. பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு டயரின் மேல்பரப்போடு சமமாகிவிட்டால் ஆயுள் முடிந்தது. ஒளிரும் பட்டை சரக்கு வண்டிக்கு முன்பக்கம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பெயிண்ட் நன்றாகக் காய்ந்தபின் ஒட்டினால்தான் உரியாது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தேவைப்படும் வண்டியானால் சீல் உடையாமல் இருக்கிறதா, சான்றின் தேதி நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, வைப்பர், மட்பிளாப் எல்லாம் கடைசி நாளில் தேடினால் கிடைக்காத சாமான்கள்.

படி 6: அன்று காலை

டீசல் வண்டியை இருபது நிமிடம் ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு போங்கள். ஆறிப்போன எஞ்சின் கூடுதலாகப் புகை கக்கும். பிஎஸ்-4 (புகை விதிமுறையின் நான்காம் கட்டம்) டீசல் வண்டிக்கு வரம்பு 50 எச்.எஸ்.யூ. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு), அதற்கு முந்தைய வண்டிக்கு 65. டயர் காற்றைச் சரிபாருங்கள். ரோலரில் பிரேக் சோதிக்கும்போது ஓங்கி மிதிக்காதீர்கள். சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு டயர் வழுக்கினால் முழு விசையையும் எந்திரம் அளப்பதற்குள் ரோலர் நின்றுவிடும். சீராக, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். ஹேண்ட்பிரேக்குக்கும் இதேதான். டயர் ஈரமாக இருந்தாலும் அளவு குறைவாகவே விழும்.

தவறினால் எதில் தவறியது என்ற அறிக்கையைக் கையில் வாங்குங்கள். மெக்கானிக்கிடம் வாய்வார்த்தையாக "பிரேக் ஃபெயில்" என்று சொல்லாமல், எந்த அச்சு, எந்தப் பக்கம் என்று அந்தத் தாளைக் காட்டுங்கள். அதை மட்டும் சரிசெய்து, மறுசோதனைக்குக் கட்டணம் கட்டி வரலாம். தேறினால் படிவம் 38இல் சான்று கிடைக்கும். வண்டி எண்ணும் முடிவுத் தேதியும் சரியா என்று மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பின்னர் சேர்த்தவை

ஓ.டி.பி. வரவில்லையா? பழைய வண்டி வாங்கியவர்களுக்குப் பதிவில் முந்தைய உரிமையாளரின் எண்ணே இருக்கும். செல்போன் எண் மாற்றும் சேவையை முதலில் முடியுங்கள். பெயர் மாற்றமே செய்யாமல் ஓட்டிக்கொண்டிருந்தால் அதுதான் முதல் வேலை.

காப்பீடு கட்டியும் தளத்தில் பழைய தேதி காட்டினால், பாலிசி விவரத்தை ஏற்ற வேண்டியது காப்பீட்டு நிறுவனம். அவர்களைத்தான் கேட்க வேண்டும், போக்குவரத்து அலுவலகத்தில் நிற்பது வீண்.

வங்கிக் கணக்கில் பணம் போய் ரசீது வராவிட்டால் மறுபடி கட்டாதீர்கள். தளத்தின் நிலை அறியும் பகுதியில் நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. விண்ணப்ப எண்ணைக் கொடுத்து அங்கே சரிபார்த்தால் ரசீது வந்துவிடும். அதன்பிறகுதான் நாள் தேர்வு திறக்கும்.