203இலிருந்து 58ஐக் கழிக்கப் பழக்குவது எப்படி? வீட்டுக் கணக்குக்கு எங்கள் வழி

எங்கள் சின்னவன் நாலாம் தரம். கணக்குக் கொப்பியைத் திறந்தால் வயிற்றுக்குத்து வருகிற ஆள், இப்போது பொழுதுபடத் தானே காசு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து குந்துகிறான். என்ன செய்தீர்கள் என்று சொந்தக்காரர் ஒவ்வொருவராகக் கேட்க, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பிள்ளைக்கு நூறு வரை எண்ணவும் சின்னக் கூட்டல் செய்யவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

சாமான்கள்

கட்டம் போட்ட கொப்பி ஒன்று. ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். கோடு போட்ட கொப்பியில் எழுதினால் இலக்கங்கள் சரிந்து சரிந்து போய், ஒன்றுகளைப் பத்துகளோடு கூட்டிவைக்கும். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று நாம் நினைப்போம், வராதது இலக்கங்களை நிரலாக எழுதுவதுதான். பிறகு தாயக்கட்டை அல்லது லூடோக் கட்டை இரண்டு, ஒரு கிண்ணம் புளியங்கொட்டை, நூறு ரூபாய்த் தாள் இரண்டு, பத்து ரூபாய்க் குற்றி பத்து.

காசு உண்மைக் காசாகவே இருக்கட்டும். கடையில் விற்கிற விளையாட்டுக் காசை அரை நாளில் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டிவரும். உண்மை நூறு ரூபாய் என்றால் பிள்ளை கையில் பிடிக்கிற விதமே வேறு. போன் ஆப் எனக்குப் பிடிக்காது. நாலு விடை காட்டி ஒன்றைத் தொடச் சொல்கிறது. சரி வரும்வரை பிள்ளை தொட்டுக்கொண்டே இருக்கும், யோசிக்காது. எண்ணுவதற்குக் கச்சானும் (நிலக்கடலை) வேண்டாம், கணக்கு முடியுமுன் கச்சான் முடிந்துவிடும். (வைகாசி, ஆனியில் விறாந்தையில் இருந்து செய்கிறவர்கள் தாள் காசுக்கு மேல் ஏதாவது பாரம் வையுங்கள். கச்சான் என்றே பெயருள்ள தென்மேற்குக் காற்று அடித்தால் நூறு ரூபாய் அடுத்த வளவில் கிடக்கும்.)

நேரம்

பதினைந்து நிமிடம், விளையாடி வந்து தேத்தண்ணி குடித்த பிறகு. ஐந்து கணக்குக் கொடுத்தால் ஐந்துதான். பிள்ளை கெதியாக முடித்துவிட்டால் “இன்னும் ரெண்டு செய்” என்று சொல்லவே வேண்டாம். கெதியாக முடித்ததற்குத் தண்டனை என்று பிள்ளைக்கு விளங்கிவிடும். அடுத்த நாள் ஒரு கணக்கோடு அரை மணித்தியாலம் இருக்கும்.

கட்டை உருட்டல்

முதல் வாரம் கொப்பியே தேவையில்லை. இரண்டு கட்டையை உருட்டிக் கூட்டச் சொல்லுங்கள், பிறகு பெரியதில் சின்னதைக் கழிக்க. விரலில் எண்ணினால் எண்ணட்டும். 6உம் 5உம் பதினொன்று என்று நினையாமல் வரத் தொடங்கினால் விரல் தானாக மடங்கும்.

கடன் வாங்கிக் கழித்தல்

எங்கள் வண்டி குடைசாய்ந்த இடம் இதுதான். 203 − 58 என்று கொடுத்தால் சின்னவன் 255 என்று எழுதுவான். 3இல் 8 போகாது, அதனால் திருப்பி 8இல் 3 போனால் 5. சைபரில் 5 போகாது, அதற்கும் 5. முன்னால் 2. கையில் 203 இருந்து 58 செலவழித்த பிறகு 255 மிஞ்சுகிறது! “பக்கத்து வீட்டில கடன் வாங்கு” என்று சொல்லிப் பார்த்தோம். பக்கத்து வீட்டில் சைபர் இருக்கிறதே, அது எதைக் கொடுக்கும் என்று கேட்டான். நியாயமான கேள்வி.

அங்கேதான் காசை எடுத்தோம். நூறு ரூபாய்த் தாள் இரண்டு, ரூபாய்க்கு ஒரு கொட்டை என்று புளியங்கொட்டை மூன்று. இது பிள்ளையின் கையில். அக்கா வங்கி, மிச்சக் குற்றியும் கொட்டையும் அவளிடம். நான் கடைக்காரர், சாமான் விலை 58 ரூபாய், என்னிடம் மாற்றுக் காசு கிடையாது, சரியாகத்தான் தர வேண்டும்.

பிள்ளை முதலில் எட்டுக் கொட்டை தரப் பார்க்கும். மூன்றுதான் இருக்கிறது. அக்காவிடம் போக வேண்டும்.

“அக்கா, நூறை மாத்தித் தாங்கோ.”

“பத்துப் பத்தாவோ, ஒண்டு ஒண்டாவோ?”

வங்கிச் சட்டம் ஒன்று: ஒரு தரத்தில் ஒரு படிதான் இறங்கலாம். நூறைப் பத்தாக மாற்றலாம், பத்தை ஒன்றாக மாற்றலாம். நூறை நேரே ஒன்றாக மாற்ற முடியாது, வங்கியில் அவ்வளவு புளியங்கொட்டை இல்லை. ஆக, நூறு போய்ப் பத்துக் குற்றி வரும். அதில் ஒன்றைக் கொடுத்துப் பத்துக் கொட்டை வாங்க வேண்டும். இப்போது கையில் என்ன? நூறு ஒன்று, குற்றி ஒன்பது, கொட்டை பதின்மூன்று. எல்லாம் சேர்த்து இன்னும் 203தான் என்பதைப் பிள்ளையே எண்ணிப் பார்க்கட்டும். இதில் அவசரப்பட வேண்டாம். கொப்பியில் சைபர் முதலில் 10 ஆகி, உடனே 9 ஆகிறதே, அது ஏன் என்று கையில் இருக்கிற அந்த ஒன்பது குற்றி சொல்லிவிடும்.

இனி ஐந்து குற்றியும் எட்டுக் கொட்டையும் எனக்கு. மிச்சம் 145. வாங்கின 58ஐத் திரும்ப அதோடு கூட்டினால் 203 வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றக் கணக்குக்குப் போங்கள்.

வாய்பாடு

பத்துக்குப் பத்து வாய்பாட்டில் 100 பெருக்கல் இருக்கிறது என்று பயப்படத் தேவையில்லை. 1, 2, 5, 10 சுலபம், விட்டுவிடுங்கள். 3×7உம் 7×3உம் ஒன்றுதான். இப்படித் தள்ளிக்கொண்டு வந்தால் பாடமாக்க 21தான் மிஞ்சும். அதிலும் 6×7, 6×8, 7×8 மூன்றும்தான் எல்லா வீட்டிலும் தகராறு. அதை மட்டும் துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினோம்.

ஏழுக்குத் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற கன்னியா நல்ல உதவி. அங்கே வெந்நீரூற்றுக் கிணறு ஏழு. கிணற்றுக்கு நாலு வாளி அள்ளி ஊற்றினால் எத்தனை வாளி? ஆறு வாளி என்றால்? சூடு தாங்காமல் கத்திக்கொண்டே விடை சொன்னார்கள்.

வகுத்தலைக் கச்சானில் செய்யலாம். (எண்ணத்தான் வேண்டாம் என்றேன்.) 23 கச்சானை நாலு பேருக்குச் சரிசமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஐந்து, மீதி மூன்று. மீதி பிரித்தவருக்கு. மீதி என்றால் என்ன என்று அதற்குப் பிறகு விளக்க வேண்டிவரவில்லை.

மூன்றாம் தரத்திலேயே புலமைப்பரிசில் வினாத்தாள் கட்டு வாங்கி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பரீட்சை ஐந்தாம் தரத்தில். 203 − 58 தடுமாறுகிற பிள்ளைக்கு அந்தக் கட்டு இப்போது உதவாது.

பிற்சேர்க்கை

கிண்ணியாவில் இருந்து ஒரு தாய் எழுதியிருந்தார்: காசில் சரியாகச் செய்கிற மகள், கொப்பிக்குப் போனால் பழையபடி திருப்பிக் கழிக்கிறாளாம். காசையும் கொப்பியையும் வேறு வேறு நாளில் செய்தால் அப்படித்தான் நடக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் வங்கியில் மாற்றின கையோடு கொப்பியிலும் வெட்டி எழுதச் சொல்லுங்கள். நூறு மாறினால் 2ஐ வெட்டி 1. குற்றி மாறினால் 10ஐ வெட்டி 9. பிறகு காசை டப்பாவில் போட்டு மூடிப் பக்கத்தில் வையுங்கள், தடுமாறினால் மட்டும் திறக்கலாம். எழுதத் தொடங்குமுன் “விடை 203ஐ விடக் கூடுமோ, குறையுமோ?” என்று ஒரு கேள்வி.

கட்டாரில் இருக்கிற தகப்பன் ஒருவர், போனில் எப்படி உதவுவது என்று கேட்டார். கொப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் திருத்த வேண்டாம், அது இன்னொரு ரியூசன் ஆகிவிடும். வீடியோவில் பிள்ளை வங்கியாக இருக்கட்டும், நீங்கள் கழியுங்கள். வேண்டுமென்றே 255 என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் மாமா அப்படிச் சொன்னபோது, போனை அக்காவிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டுச் சின்னவன் காசு டப்பாவை எடுக்க ஓடினான்.