தேசிய அடையாளம் பற்றி மாணவர் போட்டோ கண்காட்சி: சேலத்தில் எப்படி வைப்பது?

தலைப்பை அப்படியே கொடுத்து மாணவர்களை அனுப்பாதீர்கள். கொடியும் கன்னத்தில் பூசிய மூவர்ணமும்தான் திரும்பி வரும். தலைப்பைக் கேள்விகளாக உடைத்துக் கொடுங்கள்: உன் பாட்டி வீட்டில் என்ன மொழி பேசுகிறார்? உன் தெருவில் இந்தியா எங்கே கண்ணில் படுகிறது? இந்த நாட்டுக்காரர்தான் என்று நிரூபிக்கச் சொல்லி யாரிடம் அடிக்கடி கேட்கிறார்கள்?

சேலத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. தமிழோடு வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுகிற குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கின்றன. நாணயம் அச்சடிப்பதற்கான எஃகு வில்லைகளை வெட்டும் பிரிவு நம் உருக்காலையில் இருக்கிறது. ஆலைக்குள் கேமராவோடு போக முன் அனுமதி வேண்டும், அது கிடைக்காவிட்டாலும் பஸ் கண்டக்டர் உள்ளங்கையில் சில்லறை எண்ணுகிற படம் போதும், கீழே இரண்டு வரியில் அந்தச் சேதியைச் சொன்னால் பார்ப்பவர் தன் பையைத் தடவிப் பார்ப்பார். ஏற்காட்டுக்குப் போனால் வியூ பாயிண்டை விட்டுவிட்டு மலையாளி என்ற பழங்குடி மக்களின் (கேரளத்தவர் அல்ல) ஊர்களுக்குப் போகச் சொல்லுங்கள். அவர்கள் பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. அடையாளம் என்ற பேச்சு அங்கே உடனே சூடு பிடிக்கும். ஆனால் முதல் தடவை போகும்போது கேமரா பையிலேயே இருக்கட்டும், உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

அனுமதி விஷயத்தில் நான் கறார். முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும், குழந்தை என்றால் பெற்றோரிடம். படம் எங்கே மாட்டப்படும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆதார் அட்டை, ரேஷன் கார்டு படத்தில் வந்தால் எண்ணை மறையுங்கள்.

படத்துக்குக் கீழே மாணவர் எழுதிய கவிதை வேண்டாம். படத்தில் இருப்பவர் சொன்னதை, அவர் சொன்ன பேச்சிலேயே, ஒன்றிரண்டு வரி போடுங்கள். வேறு மொழியில் சொன்னால் அதைத் தமிழ் எழுத்தில் எழுதி அர்த்தத்தைக் கீழே சேர்க்கலாம். கண்காட்சியின் உயிரே இதில்தான் இருக்கிறது, இதற்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

மற்றதெல்லாம் சுலபம். 12 மெகாபிக்சல் போன் கேமரா 12×18 அங்குல பிரிண்டுக்குப் போதும், ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளக்காமல் இருக்க மேட் பிரிண்ட் எடுத்து, சன்போர்டு என்ற லேசான நுரைப் பலகையில் ஒட்டுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 57 அங்குலத்தில் வரட்டும், சின்னப் பிள்ளைகள் நிறைய வருவார்கள் என்றால் இன்னும் இறக்குங்கள். ஒருவர் எடுத்ததில் ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. அப்புறம், தேசியக் கொடியை மேசை விரிப்பாகவோ திறப்பு விழாத் திரையாகவோ பயன்படுத்தக் கூடாது, கொடி விதிகள் அதை அனுமதிப்பதில்லை.

திறந்து வைக்க வி.ஐ.பி. தேடி அலைய வேண்டாம். படங்களில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் விழாவைக் காலையில் வைத்து, பஸ் காசையும் மதியச் சாப்பாட்டையும் முதலிலேயே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். கண்காட்சி முடிந்ததும் அவரவர் படத்தை அவரவரிடமே கொடுத்துவிட வேண்டும்.